வாரேன்னு சொல்லு சாமி

ஞாயிற்றுக்கிழமை பத்து மணி என்றால் விடுதியில் போன் நேரம். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம். வார்டன் ரஞ்சனி ஸ்பீக்கரைப் போட்டு மேசைமேல் போனை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பாள். அழுத பிள்ளைக்கு அன்று சோறு கிடையாது. விடுதியில் நடப்பதைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்ட பிள்ளையைப் பின்னால் இருக்கும் பழைய கோழிக் கொட்டகைக்குக் கூட்டிப் போவார்கள். அங்கே போனவர்கள் யாரும் திரும்பியதில்லை.

"ஊட்டுக்குப் போயிட்டா" என்பாள் ரஞ்சனி.

கிருத்திகாவும் புதன்கிழமை வீட்டுக்குத்தான் போனாளாம். அவளுடைய நீலச் செருப்பு இன்னும் வாசலில் கிடக்கிறது. முந்தின நாள் அவள் கட்டில் காலில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். இன்று காலை இலக்கியாவின் கட்டிலிலும் அதே கோடு. எச்சில் தொட்டு அழித்தாள். பல் விளக்கிவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் இருந்தது.

அவளிடம் ஒரே ஒரு சொல் மிச்சமிருந்தது. அவர்கள் வீட்டில் கிளம்புகிற யாரும் 'போறேன்' என்று சொல்ல மாட்டார்கள், 'வாரேன்' என்பார்கள். அப்பன் கந்தன் ஒரு தடவை வாய்தவறிப் 'போறேன்' என்றுவிட்டு போர்வெல் போடும் ரிக் வண்டி ஏறினான். பெட்டியில்தான் வந்து சேர்ந்தான். 'போறேன்' என்று காதில் விழுந்தால் அம்மா கோழிப் பண்ணையில் போட்டது போட்டபடி ஓடி வருவாள்.

"தின்னயா சாமி?" போனில் அம்மா அத்தாயியின் குரல்.

"தின்னேம்மா. தக்காளிச் சோறு."

"மகராசி. இங்க ரசத்துக்கே வழியக் காணோம். மேடம் இருக்கறாங்களா?"

"இருக்கறேனுங்க. புள்ள நல்லாப் படிக்குது" என்றாள் ரஞ்சனி.

"அம்மா, நான் போறேன்."

போனில் அம்மாவுக்குப் பின்னால் கோழிகள் கத்தின.

"என்ன சொன்ன?"

"போறேம்மா."

"வாயக் கழுவு மொதல்ல. உங்கப்பன் அப்படிச் சொல்லிட்டுத்தான் போனான். படிக்கற புள்ள பேசற பேச்சா இது? வாரேன்னு சொல்லு."

இலக்கியா போனைப் பார்த்து மாட்டேன் என்று தலையாட்டினாள்.

"சொல்லு சாமி. நீ சொல்லாம எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது."

ரஞ்சனியின் கை அவள் பிடரியில் வந்து உட்கார்ந்தது. "அம்மா கேக்கறாங்கல்ல. சொல்லு."

"வாரேம்மா."

"இப்பத்தான் வயித்துல பால வார்த்த. சரி, முட்டை வண்டி வந்துருச்சு, வெக்கறேன்."

ரஞ்சனி போனை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள்.

"வா. செருப்பு வேண்டாம், அங்கயே கெடக்கட்டும்."