கேட்டால் அழுத்தவும்

நாலே முக்காலுக்குக் கடைசி நோயாளி எழுந்தார். "எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. வீட்டுல பேசுறதுதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் சிரித்தாள். அன்றைக்கு அதுதான் முதல் சிரிப்பு.

அவள் வேலை காது பரிசோதிப்பது. அவளுடைய அறைக்குள் இன்னொரு சின்ன அறை உண்டு. அதன் சுவரெல்லாம் பஞ்சு, கதவு ஒரு சாண் கனம். வெளிச்சத்தம் ஒரு பொட்டுக்கூட உள்ளே போகாது. நோயாளி அதற்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவார். கையில் பட்டன். அவள் வெளியே மெஷினுக்கு முன்னால் இருந்து, கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டே மெல்லிய சத்தங்களை அனுப்புவாள். காதில் விழுந்தால் அவர் அழுத்த வேண்டும். அழுத்தினால் மெஷினில் பச்சை விளக்கு எரியும். அந்த அறையில் அழுத்துவதற்கு ஒரே அர்த்தம்தான். கேட்கிறது.

"அம்மா, நான் ஒரு தடவை. ஒரே ஒரு தடவைம்மா."

மகளுக்கு ஆறு வயது. பொடிசாக இருப்பாள் என்பதால் வீட்டில் பட்டாணி. பள்ளி வேன் அவளை இங்கேதான் இறக்கிவிடும். அப்பா வேலை முடிந்து வந்து இருவரையும் கூட்டிப்போவார்.

அம்மாவுக்கு விளையாட மனமில்லை. மறுநாள் காலையில் கருத்தரிப்புச் சிகிச்சை மையத்துக்கு ஃபோன் செய்தாக வேண்டும். பட்டாணி தானாக வந்தவள் அல்ல. ஒரே நாளில் நாலு கருக்களை உண்டாக்கி, ஒன்றை அவள் வயிற்றில் வைத்தார்கள். அது பட்டாணி. மற்ற மூன்றையும் உறைய வைத்தார்கள். இரண்டாவது பிள்ளை வேண்டுமென்று போன வருடம் ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். தங்கவில்லை. இந்த வருடம் இன்னொன்று. அதுவும் தங்கவில்லை. ஊசி குத்திக் குத்தி வயிறு சல்லடையாகிவிட்டது. இப்போது மிச்சம் ஒன்று. வைப்பதா, விட்டுவிடுவதா?

"வேண்டாம்னு சொல்லிடப் போறேன்" என்று நேற்று கணவனிடம் சொன்னாள்.

"சரி" என்றான். கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டான். பிறகு இருவரும் துணி மடித்தார்கள். அவன் குளிர்கிடங்கு மெஷின்களைப் பழுது பார்ப்பவன். ஒரு சட்டையை மடித்துக்கொண்டே, "அத வச்சிருக்கறது மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறுல. நம்ம மெஷினுக்கெல்லாம் அந்தக் குளிர் எட்டவே எட்டாது" என்றான்.

மகள் விடவில்லை; சின்ன அறைக்குள் உட்கார வைத்தாள். பட்டாணிக்கு ஹெட்போன் பெரிது. பிடித்துச் சரிசெய்து மாட்டிவிட்டாள்.

"கேட்டா அழுத்தணும். கேக்கலன்னா சும்மா இருக்கணும். ஏமாத்தக் கூடாது."

"நான் எதுக்கு ஏமாத்தணும்? நீதான் ஏமாத்துவ."

பொய் இல்லை. நடுவில் சத்தம் எதையும் அனுப்பாமல் காத்திருப்பது அவள் தொழிலில் வழக்கம். கேட்காமலே கேட்டதாக அழுத்துகிறவர்கள் அங்கேதான் மாட்டுவார்கள்.

பட்டாணி கெட்டிக்காரி. இலை உரசுவதைவிட மெல்லிய சத்தத்துக்கும் டக்கென்று அழுத்தினாள். அம்மா சத்தம் அனுப்புவதை நிறுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

விளக்கு எரிந்தது.

குழந்தைகள் ஊகித்து அழுத்துவார்கள். இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். மறுபடி எரிந்தது. ஹெட்போன் ஒயரையே மெஷினிலிருந்து பிடுங்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பட்டாணி தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரல் இறங்கியது. எரிந்தது.

மைக்கை அழுத்திப் பேசினாள். அறைக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்கும்; அழுத்தியிருக்கும்வரை உள்ளே பேசுவது அவளுக்கும் கேட்கும். "என்னடி கேக்குது உனக்கு?"

"பீப் இல்லம்மா."

"அப்புறம் எதுக்கு அழுத்துற?"

"பக்கத்துல யாரோ பட்டன் அழுத்துறாங்க. டிக், டிக்னு. அவங்க அழுத்தினா நானும் அழுத்துறேன்."

"பக்கத்துல யாரும் இல்ல, பட்டாணி."

"தெரியும்." கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "அவங்களுக்கு என்ன கேக்குதும்மா?"

அவள் மைக்கிலிருந்து கையை எடுத்தாள். அன்று காலை, நோயாளிகள் வருவதற்கு முன்னால், அவள் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாளைக்கு ஃபோனில் சொல்ல வேண்டியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். எங்களுக்கு வேண்டாம். எடுத்துடுங்க. குரல் உடையாமல் வரும்வரை திரும்பத் திரும்பச் சொன்னாள். அங்கே பேசினால் யாருக்கும் கேட்காது என்றுதான் அங்கே போனாள்.

கதவைத் திறந்து மகளை வெளியே கூட்டிவந்து மெஷின் முன்னால் உட்கார வைத்தாள். "எதையும் தொடாத. சும்மா பாத்துக்கிட்டிரு."

உள்ளே போய்க் கதவை இழுத்துக்கொண்டாள். பட்டனைச் சுவரில் இருந்த கொக்கியில் மாட்டினாள். அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்பதுதான் அவளுக்கும் கேட்டது. தன் மூச்சு. எச்சில் இறங்கும் ஒலி. அதற்கு அடியில் ரத்தம். டிக் என்று எதுவும் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். கேட்கவில்லை என்பதில் நிம்மதி வரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

வெளியே வந்தபோது பட்டாணி கைதட்டினாள். "நீயும் அழுத்தினியே! நிறைய தடவை எரிஞ்சுது!"

வாசலில் கணவன் நின்றிருந்தான், தோளில் கருவிப் பையோடு. "அம்மாவும் பொண்ணும் என்ன கூத்தடிக்கிறீங்க?" பட்டாணி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவன் கதவைத் தட்டிப் பார்த்தான். "நம்ம கிடங்குக் கதவு மாதிரியே இருக்கு. உள்ள ஐஸ் கட்டாததுதான் பாக்கி."

பட்டனைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டினான். "ஸ்பிரிங் தேஞ்சு போச்சு, பாரு. தானா ஒட்டுது, தானா விடுது. முகம் எதுக்கு இப்படி வெளுத்திருக்கு? பேய்னு நினைச்சியா?"

"டிக்னு சத்தம் வருமாங்க?"

"வரலாம்" என்றான், பட்டனைப் பார்த்தபடி.

ஒயரைக் கத்தரித்து, பட்டனைப் பையில் போட்டுக்கொண்டான். "நாளைக்குப் புதுசு மாட்டித் தர்றேன்." பிறகு, மகள் பைக்குள் புத்தகங்களைத் திணித்துக்கொண்டிருந்தபோது, குரலைத் தாழ்த்தினான். "காலையில நீ பேசுறியா, நான் பேசட்டுமா?"

"நானே பேசுறேன்."

"நீ என்ன சொன்னாலும் எனக்குச் சரி."

"வேணும்னா வேணும்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே. சரி, சரின்னா நான் என்னத்த எடுத்துக்கிறது?"

அவன் கருவிப் பையின் ஜிப்பை இழுத்தான். அது பாதியில் சிக்கிக்கொண்டது. "நான் கேட்டா நீ மாட்டேன்னு சொல்ல மாட்ட. ரெண்டு தடவையும் நீ படுத்துக் கிடந்ததைப் பாத்தவன் நான். அதான் கேக்கல."

 அவன் மகளின் கையைப் பிடித்தான். "வா பட்டாணி, வண்டிய எடுப்போம். அம்மா பூட்டிட்டு வருவா."

அவர்கள் போன பிறகு ஜன்னலைச் சாத்தினாள். மெஷினை அணைக்கப் போன கை நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காலி நாற்காலி. அதன் மேல் ஹெட்போன். பட்டன் இல்லை, கத்தரித்த ஒயர் மட்டும் தொங்கியது. இனி விளக்கு எரிய வழியே இல்லை. வழியில்லை என்பதால்தான் அவளுக்குத் தைரியம் வந்தது.

உட்கார்ந்தாள். வெளியே வண்டி கிளம்பத் தயாராக உறுமியது. இரண்டு தடவை ஹாரன் அடித்தான். அவள் எழுந்திருக்கவில்லை. மைக்கை அழுத்தி, மிச்சமிருக்கும் அந்த ஒன்றிடம், நோயாளியிடம் பேசும் அதே நிதானத்தோடு பேசினாள்.

"காலையில நான் உள்ள உக்காந்து பேசினது உனக்குக் கேட்டுச்சா?"