மடங்காத சுண்டுவிரல்

“அந்த வெரல மடக்காதீங்க. அது மடங்காது.”

ரேவதி சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அவள் புருஷன் லோகேஸ்வரனைக் குளிப்பாட்டிக் கூடத்து பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். நேற்றுக் கட்டிய கைக்கட்டு நனைந்து நழுவிவிட்டது என்று பங்காளி நமச்சிவாயம் புதிதாகத் துணி கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தார். கட்டைவிரல்கள் இரண்டும் சேர்ந்து அடங்கிவிட்டன. வலதுகைச் சுண்டுவிரல் மட்டும் விறைப்பாக மேலே நின்றது. பார்க்க ஒரு மாதிரியாக இருக்கிறதே என்று அவர் அதை உள்ளங்கையால் அமுக்கினார். விட்டதும் எழுந்தது. மறுபடி அமுக்கினார்.

“விடுங்கன்றேன்ல!”

அவள் போட்ட கத்தலில் அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். நமச்சிவாயம் கையை எடுத்துக்கொண்டார்.

“உசுரோட இருந்தப்பவே மடங்காத வெரலு, சித்தப்பா,” என்றாள் நாத்தனார் அகிலா, முந்தானையில் மூக்கைத் துடைத்தபடி. “கட ஷட்டரு விழுந்து போனது. ஒங்களுக்குத் தெரியாதா?”

தெரியாதவர்கள் அந்தத் தெருவில் இல்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், காந்தி ரோட்டுப் பட்டுக் கடையில் காலையில் கடை திறக்கும்போது ஷட்டர் நழுவி அந்த விரல்மேல் இறங்கியது. எலும்பு கூடிவிட்டது, மடிப்பு திரும்பவில்லை. முதலாளி கோதண்டபாணி ஒரு பை நிறைய ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, “வெரலு போனா என்னப்பா, கை இருக்குதுல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவும் உண்மையாயிற்று. கை இருந்தது. பாயில் உட்கார்ந்து சேலையை எடுத்து, மடிப்பை இரண்டு தட்டு தட்டி, முந்தியை முழங்கைமேல் போட்டு ஓர் உதறு உதறினால் அது வந்தவர்கள் மடியில் போய் விழும். அந்த நேரத்தில் சுண்டுவிரல் தனியாக மேலே நிற்கும். அதை ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டு ரசித்த கல்யாண வீட்டுக்காரர்கள் எத்தனையோ பேர். “அந்த வெரலைத் தூக்கினு விரிப்பாரே, அவர வரச் சொல்லுங்க” என்று கேட்டு வருவார்கள். வீட்டில் துண்டை மடித்தாலும் இரண்டு தட்டுத்தான். “இது கட இல்ல, வூடு” என்று ரேவதி கேலி செய்தால், “கைக்குத் தெரியாதே” என்பான்.

போன வருஷம் ஆடியில் சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒயர் வைத்த கையுறை ஒன்று, நெற்றியில் கட்டிக்கொள்ள ஒரு கேமரா. கடைக்கு ஒரு மெஷின் பொம்மை வரப்போகிறது, அது இவன் கையைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளப் போகிறது என்று சொன்னார்கள். “நாப்பது பேருல என்னத்தான் எடுத்தாங்க” என்று அவன் வந்து சொன்னபோது ரேவதிக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் நாலு பேரிடம் சொன்னாள். ஐந்து மாதம் அவன் கையுறையோடு சேலையை விரித்தான், மடித்தான். ஒருநாள் சாப்பிடும்போது மட்டும், “வேணும்னே தப்புத்தப்பா மடிச்சுக் காட்டிடலாமான்னு இருக்குது” என்றான். சிரிக்காமல் சொன்னான். அவள்தான் அதட்டினாள்: “உப்பு போட்டவங்களுக்கு துரோகம் பண்ணாத. சொல்லிக் குடுக்கறத ஒழுங்கா சொல்லிக் குடு.”

ஒழுங்காகத்தான் சொல்லிக் கொடுத்தான். தை பிறந்ததும் அவன் பாயில் பொம்மை உட்கார்ந்தது. அவனை வாசலில் ஸ்டூல் போட்டுச் செருப்புக்கு டோக்கன் கொடுக்க உட்கார வைத்தார்கள். நேற்று மத்தியானம் அந்த ஸ்டூலிலேயே மார்பில் தாடை இடிக்க உட்கார்ந்திருந்தான். ஓர் அம்மாள் மூன்று தரம் செருப்புக் கேட்டுப் பார்த்துவிட்டு, “ஒங்க ஆளு தூங்கறாரு” என்று கல்லாவில் புகார் சொன்னாளாம். திட்டுவதற்காகத்தான் உள்ளேயிருந்து ஆள் வந்திருக்கிறது. தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது. முப்பத்தேழாம் நம்பர் டோக்கன் அவன் கையிலேயே இருந்தது.

“அம்மா.” மகன் முத்துக்குமார் வாசலிலிருந்து வந்து அவள் காதருகே குனிந்தான். “மொதலாளி போன் பண்ணாரு. கெளம்பிட்டாங்களாம்.”

“வரட்டும். மாலயப் போட்டுட்டுப் போவட்டும்.”

“மால இல்லமா. பட்டு வேட்டி. கோடி போடப் போறாங்களாம்.” வாசலைத் திரும்பிப் பார்த்தான். “பொம்மையக் கூட்டிக்கினு வராங்க. அதான் போடுமாம். வீடியோ எடுக்கறாங்களாம்.”



“கோடி போட மொற வேணாமாடா?” என்று அகிலா பாய்ந்தாள். “பங்காளி போடுவான், சம்பந்தம் போடுவான். இவுரு யாரு? அந்தப் பொம்ம யாரு? எந் தம்பிக்கு அது மச்சானா, மாமனா?”

“அத்த, கொஞ்சம் மெதுவா பேசு.” முத்துக்குமார் தலையைக் குனிந்துகொண்டான். “அப்பா எடத்துக்கு என்ன எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு. அந்த மெஷினப் பாத்துக்கற வேல. தொடைக்கறது, சார்ஜ் போடறது. ஸ்ரீபெரும்புதூர்ல காண்ட்ராக்ட்டு முடிஞ்சு நாலு மாசமா வூட்லதானே கெடக்கறேன்? ஒரு பத்து நிமிசம்மா. போட்டுட்டுப் போயிடுவாங்க.”

இருபத்து மூன்று வயதுப் பிள்ளை. ஒவ்வொரு காலையும் கம்பெனி பஸ் தெருமுனையைத் தாண்டிப் போகும்போது வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறான். அது ரேவதிக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இவனை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? சொல்லாமல் இருந்தால் பெஞ்சில் கிடக்கிறவன் முகத்தை எப்படிப் பார்ப்பது?

“சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கினு போயிட்டான் எந் தம்பி,” என்று அகிலா மார்பில் அடித்துக்கொண்டாள். ரேவதி அதைத் தனக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டாள்.

வேன் வந்து நின்றதும் மேளக்காரர்கள் தாமாகவே அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். கோதண்டபாணி முதலில் இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முகத்தில் சாவுக்கேற்ற அளவில் துக்கம். வாசலில் அவர் கழற்றிய பிரவுன் தோல் செருப்பை முத்துக்குமார் குனிந்து எடுத்து, கூட்டத்தில் மிதிபடாமல், தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஜோடியாக வைத்தான். அதையும் ரேவதி பார்த்தாள். அப்பனிடமிருந்து வந்த பழக்கம்.

பின்னாலேயே பொம்மை இறங்கியது. ஆள் உயரம். கடையில் கட்டிவிட்ட பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமும் அப்படியே இருந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கண்ணாடி, அதன்மேல் ஒரு குங்குமப் பொட்டு. அதை இயக்கும் டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் பக்கத்திலேயே வந்தாள். தெருப் பிள்ளைகள் பிணத்தை விட்டுவிட்டு இதைப் பார்க்க ஓடிவந்தன. செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவன் பின்னாலேயே நடந்து வந்து படம் எடுத்தான்.

கூடத்தில் கால் வைத்ததும் அது கை கூப்பியது.

“வாங்க, வாங்க! உள்ள வாங்க. என்ன பாக்கறீங்க?”

சாவு வீட்டில் வந்தவரை வா என்று அழைப்பதும் இல்லை, போகிறவர் போய் வருகிறேன் என்று சொல்வதும் இல்லை. பால் குடிக்கிற பிள்ளையைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த விஷயம். “அட பாவி!” என்று ஒரு கிழவி வாயில் அடித்துக்கொண்டாள்.

“சாரி, சாரி,” என்று டேப்காரப் பெண் எதையோ தட்டினாள். “கூட்டத்தப் பாத்தா அது தானாவே சொல்லிடும். சவுண்ட கட் பண்ணிட்டேன்.”

கோதண்டபாணி ரேவதியின் முன்னால் வந்து நின்றார். “ரேவதிமா. மனசத் தேத்திக்கோ. இருபத்தாறு வருசம் கடைக்கு ஒழைச்சவன். அவன் கை எங்கயும் போவல, இதுக்குள்ளதான் இருக்குது. அதனாலதான் இது கையாலயே போடணும்னு கூட்டியாந்தேன். அவனுக்குப் பண்ற மரியாத.”

“நீங்க போடலாமே, மொதலாளி,” என்றாள் ரேவதி.

“நான் போட்டா என்னாமா இருக்குது? இது போட்டாத்தான் நாலு பேரு பாப்பாங்க.” சொல்லி முடித்தபின் தான் சொன்னது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். முத்துக்குமார் தோளில் கை வைத்துக்கொண்டார். “பையனப் பத்திக் கவலப்படாத.”

பொம்மை பெஞ்சை நெருங்கிவிட்டது. அந்தப் பெண் மடித்த பட்டு வேட்டியை அதன் கையில் வைத்தாள். அது குனிந்தது. மடிப்பை இரண்டு தட்டு தட்டியது.



முனையை எடுத்து முழங்கைமேல் போட்டது. தோளை லேசாக ஒருபக்கம் சாய்த்தது, அவன் சாய்ப்பது போலவே. கையைத் திருப்பியபோது சுண்டுவிரல் மட்டும் தனியாக மேலே எழுந்து நின்றது. கட்டின கையில் ஒரு விரல் நின்றது, அதற்குமேல் வெள்ளைக் கையில் ஒரு விரல் நின்றது. அகிலா “தம்பீ...” என்றாள், அழுகையில்லாத குரலில்.

இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும் போலிருந்தது ரேவதிக்கு. இன்னொரு முறை மடித்து, இன்னொரு முறை விரிக்கச் சொல்லலாமா என்றுகூட இருந்தது. அப்படி ஆசைப்பட்டதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்தாள். இரண்டே எட்டில் போய் உதறப்போன அந்தக் கையைப் பிடித்தாள்.

“மேடம், தொடாதீங்க!” என்றாள் டேப்காரப் பெண்.

ரேவதி அந்தச் சுண்டுவிரலைப் பிடித்து அமுக்கினாள். முரண்டு பிடிக்கும், முறியும், முறிந்தால் முறியட்டும் என்றுதான் அமுக்கினாள். அது எண்ணெய் போட்ட கீல் போலச் சுலபமாக மடங்கி உள்ளங்கையைத் தொட்டது. வலியும் இல்லை, சத்தமும் இல்லை. விட்டாள். விரல் மெதுவாக எழுந்து பழையபடி நின்றுகொண்டது. மறுபடி மடக்கினாள். மறுபடி மடங்கியது.

“மொதலாளி,” என்றாள். “இதுக்கு மடங்குது.”

“என்னாமா?”

“இதுக்கு மடங்குது. நல்லாவே மடங்குது.”

கோதண்டபாணிக்குப் புரியவில்லை. பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய ஷட்டர் அவர் நினைவில் இருக்க நியாயமும் இல்லை. அவள் பொம்மையின் கையிலிருந்து பட்டு வேட்டியை உருவி, சரியாக மடிக்காமல் சுருட்டி அவர் கையில் திணித்தாள்.

“இது கோடி போட வேணாம். எடுத்துக்கினு போங்க.”

“ஊரே பாத்துக்கினு இருக்குதுமா.”

“பாக்கட்டும். நாலு பேரு பாக்கணும்னுதானே வந்தீங்க?”

படம் எடுத்தவன் செல்போனைக் கீழே இறக்கினான். கோதண்டபாணி முகத்திலிருந்து துக்கம் இறங்கி வேறொன்று ஏறியது. இருந்தாலும் பெரிய மனிதர், சாவு வீடு. ரேவதியை விட்டுவிட்டு முத்துக்குமாரைப் பார்த்து, “பதினாறு முடியட்டும்பா. அப்பறம் பாக்கலாம்” என்றார். அந்தப் பாக்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது.

ரேவதி மகன் பக்கம் திரும்பவில்லை. திரும்பப் பயமாக இருந்தது. தன் தம்பி வெங்கடேசனைக் கூப்பிட்டாள். “நீ போட்றா.” வெங்கடேசன் தான் கொண்டுவந்திருந்த சாதாரண எட்டு முழ வேட்டியைப் பிரித்து லோகேஸ்வரன்மேல் போர்த்தினான். ஒரு பக்கம் நீளமாகவும் ஒரு பக்கம் குட்டையாகவும் விழுந்தது. சரிசெய்ய யாரும் போகவில்லை. பெண்கள் விட்ட இடத்திலிருந்து அழுதார்கள். ரேவதிக்கும் அப்போதுதான் அழுகை வந்தது. நானே சொல்லிக் குடுக்கச் சொன்னேனே, நானே சொன்னேனே என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

பாடையைத் தூக்கி வாசலுக்குக் கொண்டுவந்தபோதும் கோதண்டபாணி போயிருக்கவில்லை. வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்கு நடுவில் ஒற்றைக் காலை முன்னே வைப்பதும் இழுத்துக்கொள்வதுமாக நின்றார். அவர் செருப்பைக் காணவில்லை. டேப்காரப் பெண் குந்தி உட்கார்ந்து குவியலைக் கிளறினாள். பொம்மை பக்கத்தில் சும்மா நின்றது. செருப்பு எடுத்துத் தர அதற்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

“முத்துக்குமாரு,” என்றார். “என் செருப்பு பாத்தியாபா?”

முத்துக்குமார் கொள்ளிச் சட்டிக்குப் பக்கத்தில் ஈர வேட்டியோடு நின்றிருந்தான். தண்ணீர் டிரம் அவனுக்கு ஓர் எட்டுத் தூரம். ரேவதி படியில் நின்று அவனையே பார்த்தாள். அவன் முதலாளியைப் பார்த்தான், பொம்மையைப் பார்த்தான், பாடையில் அப்பாவின் கையைப் பார்த்தான்.

“தெரிலங்க.”

பங்குனி வெயிலில் தார் ரோடு காய்ந்து கிடந்தது. கோதண்டபாணி சுருட்டிய பட்டு வேட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெறுங்காலோடு, பாதத்தைத் தூக்கித் தூக்கி வைத்து வேன் வரைக்கும் நடந்தார். கால் சுடாத பொம்மை அவர் பின்னால் நிதானமாகப் போயிற்று. மேளம் மறுபடி தொடங்கியது. முத்துக்குமார் குனிந்து கொள்ளிச் சட்டியைக் கையில் எடுத்தான்.