அறுபது பாகையில் ஒரு நட்சத்திரம்

"மணக்குதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

"கொண்டாரும்... ம். சாடையாக் கறிச் சரக்குத்தூள் மணக்குது. மீனும் மணக்குது. அதுவும் விளைமீன்."

"உண்மையாவோ?"

"பின்னை? இதைக் கொண்டுபோய்க் குடுத்தீரெண்டால், அந்த மனிசி இரவைக்குச் சோறு வடிச்சு வச்சுக்கொண்டு இதைப் பாத்துப் பாத்துச் சாப்பிடும்."

ஜெர்மனியின் ஹம் நகரில், ஒரு மூன்றாம் மாடி வீட்டுக் குசினியில், 2006ஆம் ஆண்டு ஒக்டோபரில் நடந்த பேச்சு இது. பின்னேர வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த கிறிஸ்தோப்பர், மனைவி நீட்டிய துணியை மூக்கில் வைத்து எடுத்துவிட்டு, முகத்தில் சிரிப்பே காட்டாமல் சொன்னான். படியிறங்கி பஸ்ஸைப் பிடிப்பதற்குள் அதை மறந்தும் போனான்.

பேர்பெச்சுவா மறக்கவில்லை. அவன் போனதும் தானும் மணந்து பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் மணக்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. பதினெட்டு வருடம் அதே குசினியில் நின்று சமைத்த மூக்குக்கு என்ன தெரியும்?

பொரிக்கும்போது குசினிக் கதவைப் பூட்டுவாள். குளிர் ஜாக்கெட்டுகளைப் படுக்கையறை அலுமாரிக்குள், பிளாஸ்டிக் உறை போட்டுத்தான் தொங்கவிடுவாள். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் எழுந்து முன் இருக்கைக்குப் போய்விட்டாள். அடுத்த தரிப்பில் இறங்குவதற்காகவும் இருக்கலாம். ஆனாலும் அதன் பிறகு கழுத்துப் பட்டியை மணந்து பார்க்காமல் பேர்பெச்சுவா வீட்டை விட்டு வெளிக்கிட்டதில்லை.

அந்தத் துணி அவளுடையதாக இருந்திருந்தால் காரியமில்லை. அது திருமதி பிரிங்க்மனுடையது.

செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஆறு பெண்கள் கூடுகிற குயில்ட் வகுப்பு அது. சின்னச் சின்னத் துண்டுகளைப் பொருத்தி ஒரு மேல்விரிப்பாகத் தைத்து, அடியில் பஞ்சுத் தகடும் இன்னொரு துணியும் வைத்து, மூன்றையும் நுண்ணிய தையலால் இணைக்க வேண்டும். மன்னாரில் கன்னியாஸ்திரிகளிடம் தையல் படித்த பேர்பெச்சுவாவுக்குக் கை நன்றாகவே ஓடியது. அந்த வருடம் ஆறு பேரும் ஒரு சுற்று விளையாடினார்கள். ஒவ்வொருத்தியும் நடுத்துண்டு ஒன்று தைத்து அடுத்தவளிடம் கொடுப்பாள். வாங்கியவள் அதைச் சுற்றித் தன் விருப்பப்படி ஒரு கரை தைத்து, மறு மாதம் அடுத்தவளிடம் கொடுப்பாள். தன் துண்டு எப்படி வளர்கிறது என்று சொந்தக்காரி இடையில் பார்க்கக் கூடாது. கடைசி நாளில்தான் விரிப்பார்கள்.

திருமதி பிரிங்க்மன் கொடுத்தது எட்டு முனை நட்சத்திரம். தன் தாயின் சீதனத்தில் வந்த வெள்ளை மேசைவிரிப்பின் ஒரு ஓரத்தை வெட்டி அதைத் தைத்திருந்தார். நெசவிலேயே பூ விழுந்த துணி. வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் பூத் தெரியும். மிச்ச விரிப்பு அலுமாரியில் அப்படியே இருக்கிறது, அதில் கை வைக்க மனம் வரவில்லை என்று அதைக் கையில் தரும்போது பேர்பெச்சுவாவிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

பேர்பெச்சுவா அதைச் சுற்றித் தன் கைத்தறிச் சேலை ஒன்றின் கடும் சிவப்புக் கரையை வைத்துத் தைத்தாள். மிக அழகாக வந்திருந்தது. அதைத்தான் அன்று புருஷனிடம் நீட்டினாள்.

புதுத் துணியைக் கழுவாமல் தைக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லித்தான் தந்தார்கள். அந்தச் சேலை புதிதல்லவே என்று அவள் நினைத்துவிட்டாள். ஏழு வருடப் பழசு. ஆனால் இந்த நாட்டில் சேலை என்பது கோயில் பெருநாளுக்கும் கலியாண வீட்டுக்கும் உடுத்தி, காற்றில் போட்டு, மடித்து வைக்கிற பொருள். ஏழு வருடத்தில் அது ஒருமுறைகூடத் தண்ணீரைக் கண்டிருக்கவில்லை. முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறவள் அவள். மணம் போக வேண்டுமென்றால் அறுபது பாகை என்பது கைக்குத் தெரிந்த கணக்கு. தைத்த துண்டை மெஷினுக்குள் போட்டு, குமிழை அறுபதுக்குத் திருப்பினாள்.

வெளியே எடுத்தபோது நட்சத்திரம் முழுக்கச் சிவப்பு ஊறியிருந்தது. உப்பில் ஊறவைத்தாள், வினாகிரியில் ஊறவைத்தாள், தேசிக்காய்ப் புளி விட்டாள். இரண்டு நாளில் சிவப்பு இளகி, நட்சத்திரம் ஒரே சீரான ரோசா நிறமானது. யாராவது வேண்டுமென்றே அந்த நிறத்தில் துணி தேடி வாங்கியது போல இருந்தது. ஸ்திரி போட்டு, மடித்து, கடதாசிப் பையில் வைத்து, அடுத்த செவ்வாய்க்கிழமை, சுற்றில் தனக்கு அடுத்தவளான ரெனாட்டேயிடம் கொடுத்தாள். கொடுக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை.

நடுத்துண்டு வெள்ளை என்று அறிந்தவள், மேசைவிரிப்புக் கதையைக் கேட்டிருந்த பேர்பெச்சுவா மட்டுமே; அது பைக்குள் மூடியபடிதான் கைமாறியது. சுற்றுத் தொடங்கிய அன்று ரெனாட்டே தடிமன் காய்ச்சலில் கிடந்தாள். அவள் ரோசாவுக்குப் பொருத்தமாகச் சாம்பல் நிறக் கரை வைத்தாள். அடுத்தவர்களும் அப்படியே. பெப்ரவரியில் விரித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். திருமதி பிரிங்க்மனும் தட்டினார். கை தட்டியபடியே நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றிரவு பேர்பெச்சுவாவைத் தன் காரில் கொண்டுபோய் விட்டது அவர்தான். சிவப்பு விளக்கில் நின்றபோது, கண்ணாடியைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: ரெனாட்டேக்கு எதைக் கண்டாலும் சாயம் போட வேண்டும், நிலவறை முழுக்க வாளிகள், விரல் எப்போதும் நீலம்; என்றாலும் என் அம்மாவின் துணியைத் தொட முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா?

கேட்டிருக்கலாம் என்றாள் பேர்பெச்சுவா. அந்த ஒரு சொல் வாயை விட்டுப் போனதும், காரின் கதவைத் திறந்து நடுத்தெருவில் இறங்கி ஓடலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு திருமதி பிரிங்க்மன் வகுப்பில் கதிரையை மாற்றிப் போட்டார். அவரும் ரெனாட்டேயும் இருபது வருடமாகப் பக்கத்தில் இருந்து தைத்தவர்கள். அவர் சண்டை பிடிக்கவில்லை. ரெனாட்டே ஊசி கேட்டால் ஊசியைக் கொடுத்தார், முகத்தைக் கொடுக்கவில்லை. நான் என்ன பிழை விட்டேன், உனக்கு ஏதாவது சொன்னாளா என்று ரெனாட்டே ஒருநாள் தையல் பெட்டியை மூடிக்கொண்டே பேர்பெச்சுவாவிடம் கேட்டாள். தெரியாது என்றாள் இவள். அது இரண்டாவது பொய்.

தபசு காலத்தில், மாதம் ஒருமுறை நடக்கிற தமிழ்ப் பூசையில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். பொய் சொன்னேன் சுவாமி என்றாள். எத்தனை தரம் என்று சுவாமி கேட்டார். இரண்டு தரம் என்றாள். மூன்று தரம் அருள்நிறைந்த மரியே செபம் சொல்லச் சொன்னார். சொன்னாள். நெஞ்சுப் பாரம் ஒரு இறாத்தல்கூட இறங்கவில்லை.

அன்று மத்தியானம் சோற்றுக்கு முன்னால் இருந்து புருஷனிடம் முழுவதையும் சொன்னாள். கிறிஸ்தோப்பர் சோற்றுக் கோப்பைக்குள் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அண்டைக்கு ஒண்டும் மணக்கேல்லையப்பா," என்றான் கடைசியில். "நான் சும்மா பகிடிக்குச் சொன்னனான்."

அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சுகமாக இருந்திருக்கும். அடுத்த கிழமையிலிருந்து அவன் பழைய மின்னடுப்பைப் பல்கனிக்குக் கொண்டுபோய், தலைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு, பங்குனிக் குளிரில் மீன் பொரித்தான். கீழ்வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தால் கையசைத்தான். உள்ளே வாங்கோ, ஆட்கள் விசர் எண்டு நினைக்கப்போகுதுகள் என்று அவள் கூப்பிட்டும் வரவில்லை.

இரவுகளில் அவளுக்கு வேறொரு எண்ணம் வளர்ந்தது. விரிப்பைப் பிரிக்கத் தேவையில்லை. அதே மேசைத்துணியில் புதிதாக எட்டுச் சாய்சதுரம் வெட்டி, ஒரு நட்சத்திரம் தைத்து, ரோசாவின் மேல் சரியாகப் பொருத்தி, விளிம்பை உள்ளே மடித்து, கண்ணுக்குத் தெரியாத தையலால் இணைத்துவிடலாம். பத்து நாள் வேலை. துணி மட்டும் வேண்டும். அதைக் கேட்க வேண்டும். கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். ஜெர்மன் வசனத்தை இல்லத்தின் படுக்கைவிரிப்புகளை மடிக்கும்போதெல்லாம் சொல்லிப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை வந்தால் வசனம் தொண்டையோடு நின்றது. ஏப்ரல் முடிந்தது.

மே மாதத்தில், சோஸ்ட் நகரில் ஒரு பாடசாலை மண்டபத்தில் அந்தப் பகுதிக் குயில்ட் வகுப்புகள் சேர்ந்து கண்காட்சி வைத்தன. கிறிஸ்தோப்பர் லீவு எடுத்துக் காரில் கூட்டிப்போனான். வழியில், வயல்வெளி தொடங்கிய இடத்தில் சொன்னான்:

"நான் சொல்லுறன், நான்தான் மெஷினுக்க போட்டனான் எண்டு. ஆம்பிளையளுக்கு ஒண்டும் தெரியாது எண்டு அவையள் நம்புவினம்."

"அப்ப மூண்டாவது பொய்யும் ஆச்சு."

"அதை நான்தானே சொல்லப்போறன். என்ர கணக்கு."

"ஏலாதப்பா," என்றாள். "நீங்கள் கதைச்சது ஒரு கதை. அதைத் தூக்கி மெஷினுக்குள்ள போட்டது என்ர கை."

அவன் கியர் மாற்றிய கையை எடுத்து அவள் கையின் மேல் வைத்துக்கொண்டு ஓட்டினான்.

மண்டபத்தில் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழேயும் குயில்ட்கள் தொங்கின. தொட வேண்டாம் என்ற அட்டை எங்கும் இருந்தது. பின்பக்கத் தையலைப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக, வெள்ளைக் கையுறை போட்ட உதவிப் பெண்கள் வரிசைக்கு இரண்டு பேராக நிற்பார்கள். அவர்கள்தான் ஓரத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். திருமதி பிரிங்க்மனின் விரிப்புத் தொங்கிய வரிசைக்குப் பேர்பெச்சுவாவையும் ரெனாட்டேயையும் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அதன் முன்னால் நின்றார்கள். அந்த நடு ரோசாதான் உயிர் என்றாள் ஒருத்தி. எங்கே வாங்கினீர்கள் என்றாள் இன்னொருத்தி. ரெனாட்டே பெருமையோடு, தெரியாது, சொந்தக்காரி வரட்டும், அவளிடமே கேளுங்கள் என்றாள். ஒவ்வொரு பாராட்டுக்கும் பேர்பெச்சுவா நிலத்தைப் பார்த்தாள். கிறிஸ்தோப்பர் எதிர்ச் சுவரோரம், கேக் விற்கிற மேசைக்குப் பக்கத்தில், வெறும் கோப்பியைக் கையில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மூன்று மணிக்குத் திருமதி பிரிங்க்மன் வந்தார், பக்கத்தில் ஒரு சிநேகிதியோடு. ரெனாட்டேயின் முகம் மலர்ந்தது. வா, பின்பக்கத்தை நானே காட்டுகிறேன் என்று சொல்லி, கையுறைக் கையால் விரிப்பின் ஓரத்தைப் பிடிக்கப் போனாள்.

வேண்டாம், என்றார் திருமதி பிரிங்க்மன். பேர்பெச்சுவா காட்டட்டும். அவள் மற்றவர்களின் துணியை மதிக்கத் தெரிந்தவள்.

ரெனாட்டேயின் கை நீட்டிய இடத்திலேயே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. கையுறைக்குள் நீல விரல்களை அவள் மடக்கிக்கொள்வதைப் பேர்பெச்சுவா கண்டாள். சுவரோரம் கிறிஸ்தோப்பர் கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு ஒரு அடி முன்னால் வந்தான். அவள் தலையை அசைத்து அவனை அங்கேயே நிற்கச் சொன்னாள்.

கையுறைகளைக் கழற்றினாள்.

ரெனாட்டே அல்ல, நான், என்று ஜெர்மன் மொழியில் சொன்னாள். அவளிடம் கொடுக்கும்போதே ரோசாவாகத்தான் கொடுத்தேன். என் சேலைச் சாயம். நான் கழுவினேன், அறுபது பாகையில். காரில் நீங்கள் கேட்டபோதும் எனக்குத் தெரியும். ரெனாட்டே கேட்டபோதும் தெரியும்.

சிநேகிதி ஒரு அடி பின்வாங்கினாள். ரெனாட்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திருமதி பிரிங்க்மன் ரோசா நட்சத்திரத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கோபமா வியப்பா என்று தெரியாத குரலில், அதை ஏன் கழுவினாய், அது சுத்தமாகத்தானே இருந்தது என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு அவள் வசனம் ஆயத்தம் பண்ணியிருக்கவில்லை.

"எங்கள் சமையல் மணம் பிடித்திருக்கும் என்று பயந்தேன்," என்றாள். "உங்கள் வீட்டில் அதை விரிக்கும்போது நீங்கள் முகத்தைத் திருப்புவீர்களோ என்று."

ரெனாட்டே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். திருமதி பிரிங்க்மன் அவளுடைய முழங்கையைத் தொட்டு நிறுத்தினார். தொட்ட கையை எடுக்கவில்லை. பெப்ரவரிக்குப் பிறகு அவர் அவளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பேர்பெச்சுவா அதைப் பார்த்தாள். தன் பங்குக்கு இன்னும் ஒன்று மிச்சம் இருப்பது தெரிந்தது. இந்த முறை வசனம் நிற்கவில்லை.

"திருமதி பிரிங்க்மன், அந்த மேசைவிரிப்பில் எனக்கு ஒரு முழம் வெட்டித் தாருங்கள். உங்கள் அம்மாவின் நட்சத்திரத்தை நான் திரும்பத் தைக்க வேண்டும்."