நகர்ந்த புள்ளி

இரண்டு கோடைகளாக விவேக் நகர் மொட்டை மாடியிலிருந்து புளூட்டோவைப் படமெடுக்க முயன்று ஜாய்சன் தோற்றிருந்தான். தெருவிளக்குகள் வானத்தையே வெளிறடித்தன. அவனோடு வேலை பார்க்கும் தமயந்தி போன மாதம்தான் டெலஸ்கோப் வாங்கினாள். தெருவிளக்கு இல்லாத கோலார் பக்கம் போய் அடுத்தடுத்த இரவுகளில் எடுத்த இரண்டு படங்களை, மதிய இடைவேளையில் லேப்டாப்பில் அவனிடம் காட்டி, இதில் புளூட்டோ இருக்கிறதா என்று கேட்டாள்.

மாற்றி மாற்றிப் பார்த்தான். நட்சத்திரங்கள் எல்லாம் அப்படியே நிற்க, மங்கலான ஒரு புள்ளி மட்டும் நகர்ந்தது. அவனுக்கு வயிறு எரிந்தது.

"கேமரா கோளாறு. புளூட்டோ இல்ல."

அவள் முகம் வாடிவிட்டது. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அழிக்கப் போனாள்.

அந்த நம்பிக்கையை அவனால் தாங்க முடியவில்லை. "அழிக்காதீங்க. அது புளூட்டோதான்."

"அப்புறம் ஏன் இல்லன்னீங்க?"

"பொறாமை."

அவனையே பார்த்தவள், லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, இருவரும் உறுப்பினர்களாக இருந்த வானியல் சங்கத்தில் அந்தப் படங்களைத் திரையில் போட்டாள். "இது புளூட்டோதான்னு முதல்ல சொன்னவர் ஜாய்சன்" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். ஜாய்சனும் தட்டினான். அவளுடைய பெரிய மனசைப் பார்த்து வயிற்றெரிச்சல்தான் கூடிப்போனது.