இறங்காத தோள்

விடிந்தால் எல்க் மான் வேட்டைக் காலம் தொடங்குகிறது. வீட்டில் உறைபெட்டி காலி. பனிக்காலம் முழுக்க நாங்கள் தின்ன வேண்டிய இறைச்சி இன்னும் மலைமேல் நடமாடிக்கொண்டிருந்தது. எங்கள் பழைய துப்பாக்கிக்குக் கடையில் தோட்டா வருவதே நின்றுவிட்டது. சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளையே திரும்ப அமுக்கி, அளவுக்குக் கொண்டுவந்து, வெடிமருந்து நிரப்பினால்தான் உண்டு.

மர ஆலையிலிருந்து வந்தவன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கராஜில் கூடு அமுக்குகிற பிரஸ் முன்னால் உட்கார்ந்தேன். கைப்பிடியை இழுத்தால் கூடு மேலேறி அச்சுக்குள் நுழையும். கழுத்துக்குக் கீழே இருக்கிற அதன் தோள் அமுங்கி வரும். ஒன்றை அமுக்கி, வெறுங்கூடாகவே துப்பாக்கியில் போட்டுப் பார்த்தேன். துப்பாக்கியின் பின்வாயை அடைக்கிற போல்ட் மூடியது. அடுத்ததற்குப் பாதியிலேயே நின்றுவிட்டது.

அச்சைத் துளி கீழே திருகி, பூட்டு வளையத்தை இறுக்கினேன். அப்போதும் ஒன்று மூடியது, ஒன்று மூடவில்லை. மறுபடி திருகினேன். எண்ணெய் குறைவோ என்று கூட்டையெல்லாம் துடைத்து மறுபடி தடவினேன். அளந்து பார்த்தால் காலிப்பர் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அளவு சொன்னது. எனக்குத் தலையைக் கவிழ்த்து அந்தப் பலகைமேலேயே தூங்கிவிடலாம் போலிருந்தது.

என் மனைவியின் தம்பி ஆரின், பீர் டப்பாவோடு வாசலில் சாய்ந்து நின்றான்.

"என்ன மச்சான், கல்லு விட்டு எறிஞ்சுதான் எல்க்கைப் பிடிக்கப் போறோமா?"

"வாய மூடு. அச்சு தேஞ்சு போச்சுன்னு நினைக்கிறேன்."

"அச்சா? அது உன்னவிட நல்லா இருக்கு."

சாப்பிடக் கூப்பிட வந்த டுவைலா, என் மனைவி, நின்று பார்த்தாள்.

"என்னதான் கோளாறு, வெர்ல்?"

"தோள் முழுசா இறங்க மாட்டேங்குது."

"யாரோட தோள்?"

ஆரின் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"இழு, பாப்போம்."

இழுத்தேன்.

"இன்னும் கீழ."

"இதான் அடி."

"அடி இல்ல. வலிக்கிற இடத்துல நிறுத்திடுற."

குனிந்து பார்த்தேன். கூட்டைத் தாங்குகிற பிடிக்கும் அச்சுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. நாள் முழுக்க ஆலையில் ஈரம் காயாத பலகை இழுத்த கை. நன்றாக இருந்தபோது அடிவரை போயிருக்கிறது, தோள் வலித்தபோது வழியிலேயே நின்றிருக்கிறது. அதை விட்டுவிட்டு அச்சைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"தள்ளு," என்றாள்.

நான் அச்சைப் பழைய இடத்துக்கே ஏற்றிப் பூட்டினேன். அவள் கைப்பிடி அடியில் முட்டும்வரை இழுத்தாள். நான் எண்ணெய் தடவிக் கொடுத்தேன். இப்போது காலிப்பர் ஒரே அளவையே திரும்பத் திரும்பச் சொன்னது. அவள் அமுக்கிய ஒவ்வொரு கூட்டுக்கும் போல்ட் வழுக்கிக்கொண்டு மூடியது.

"அப்போ நாளைக்கு அக்காதான் சுடப்போகுது," என்றான் ஆரின். "மச்சான் காப்பி போடட்டும்."

"சுடுறது சரி. அவ்வளவு பெரிய தொடைய மலையில இருந்து யாரு தூக்குறது?" என்று கேட்டேன்.

"நீ ஒண்ணும் தூக்க வேண்டாம். இந்தப் பீர்க்குடுவை எதுக்கு இருக்கு?" என்றாள் டுவைலா.

ஆரின் டப்பாவை மெல்லக் கீழே வைத்தான்.

இறைச்சிக்கு வழி பிறந்துவிட்டது. மருந்து நிரப்ப எழுந்தவன், பலகையைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றேன். திங்கட்கிழமை ஆலையில் எனக்குப் பதிலாகப் பலகை இழுக்க யாருமில்லை.

"சூப் ஆறுது," என்றாள் டுவைலா. "முதல்ல பூட்ஸக் கழட்டு."

குனிய முடியவில்லை. அவளே கழற்றினாள்.