ஒன்பதாம் படுக்கைக்காரர் விழவில்லை

பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பத்தரைக்கே வார்டு பொறுப்பு சிஸ்டர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். ஒவ்வொரு வார்டிலும் மாதம் எத்தனை நோயாளிகள் கீழே விழுந்தார்கள் என்று கோடு கோடாகக் கிராப் போட்டு வைத்திருக்கும் ஆஸ்பத்திரி அதிகாரியிடம்தான் போக வேண்டும். நர்ஸுகள் அவருக்கு வைத்த பெயர் கிராப் சார். மற்ற வார்டுகளின் கோடு சமர்த்தாகப் படுத்திருக்க, இவளுடையது மட்டும் சிவப்பில் எழுந்து நிற்கிறதாம். பொறுப்புக்கு வந்து ஐந்தே மாதம். அதைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயம்.

அந்தப் பயத்தில்தான் காலையில் அப்படிச் சொல்லிவிட்டாள். ஆறே முக்காலுக்கு ஒன்பதாம் படுக்கைப் பெரியவர் கழிப்பறை வாசலில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். புது நர்ஸ் விழுந்ததைப் பதியும் படிவத்தை எடுத்தபோது, "அடி ஒண்ணும் படலைல்ல? விடுடி, எழுதாத" என்றாள். அந்தப் பெண் படிவத்தை உள்ளே வைத்தாள்.

கிராப் சார் நாற்காலியைக் காட்டினார். திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"பயப்படாதீங்க சிஸ்டர். மத்த வார்டுல ஆறு மாசமா ஒருத்தர்கூட விழலையாம். நம்புற மாதிரியா இருக்கு? உங்க பொண்ணுங்கதான் ஒளிக்காம எழுதுறாங்க. அதனாலதான் இது தெரிஞ்சுது."

விரலால் தொட்டுக் காட்டினார். விழுந்தவர்களில் பாதிப் பேர் காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவில். ஷிப்ட் மாறும் நேரம். நர்ஸுகள் எல்லோரும் மேசையைச் சுற்றி நின்று விவரம் ஒப்படைத்துக்கொண்டிருப்பார்கள். படுக்கைகள் பக்கம் ஈ காக்கை இருக்காது. இத்தனை வருடமாகத் தானும் அந்த மேசையருகேதான் நின்றிருக்கிறோம், ஒரு நாளும் தோன்றவில்லையே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூடுதலா ஒரு ஆள் கேட்டு நாளைக்கு எழுதப் போறேன். இந்த வாரம் ஏதாவது உண்டா?"

"பார்த்து... சொல்றேன் சார்."

படிகளில் ஏறக்குறைய ஓடினாள். படிவத்தைத் தானே எழுதிவிடலாம், தன் கையெழுத்தையே போட்டுவிடலாம், ஏன் தாமதம் என்று கேட்டால் கேட்கட்டும். வார்டு வாசலிலேயே புது நர்ஸ் எதிர்ப்பட்டாள். முகத்தில் சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளையின் சிரிப்பு.

"அக்கா, நீங்க போன பிறகு அவரு இன்னொரு தடவை விழுந்துட்டாரு. நீங்க சொன்ன மாதிரியே எழுதலை. டாக்டர்கிட்டயும் சொல்லலை."

அந்தப் பெண்ணின் தோளுக்கு அப்பால் ஒன்பதாம் படுக்கை தெரிந்தது. பெரியவர் இடது கையால் கஞ்சி ஸ்பூனைப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தார். வலது கை மடியில் அசையாமல் கிடந்தது.