எட்டாவது விக்கெட்டுக்குப் பிறகு

பாராட்டு விழா ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு. திகம்பர் தேவ்பூஜாரி மூன்றரைக்கே மைதானத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். ஆர்வம் ஒன்றும் இல்லை. கூட்டம் சேருவதற்குள் ஈஸ்வர் மேஷ்ராமைத் தனியாகப் பிடித்து ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இருபத்தாறு வருடமாகச் சொல்லாமல் வைத்திருக்கும் விஷயம்.

ஒரே சீசனில் அறுபத்தோரு விக்கெட். 1979 ஜனவரியில் அவர் இடது கைச் சுழலால் படைத்த அந்த மாநிலச் சாதனையை இன்றுவரை ஒருவரும் தொடவில்லை. நாக்பூர் மைதானத்தில் ரயில் பாதையை ஒட்டிய முனைக்கு இனிமேல் அவர் பெயர். சால்வையும் தேங்காயும் கொடுக்க யாரைக் கூப்பிடலாம் என்று பேச்சு வந்தபோது, அவர் வாயைத் திறப்பதற்குள் கிரிக்கெட் சங்கச் செயலாளரே முடிவு செய்துவிட்டார்.

"மேஷ்ராமைத்தான் கூப்பிடணும் சார். அவர் இல்லாம அந்த அறுபத்தொண்ணு ஏது?"

அது ஊருக்கே தெரிந்த உண்மை. ஊருக்குத் தெரியாத மிச்சம்தான் திகம்பரை மூன்றரை மணிக்கே கிளப்பிக்கொண்டு வந்தது.

அந்த சீசனின் கடைசி ஆட்டம் ராஜஸ்தானுடன். மூன்றாம் நாள் தேநீர் இடைவேளையில் ராஜஸ்தான் இரண்டாவது இன்னிங்ஸில் எட்டு விக்கெட் போய், தோல்வியின் வாசலில் நின்றது. அன்று மதியம் விழுந்ததில் மூன்று ஈஸ்வருடையவை. அவனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது, ஆஃப் ஸ்பின்னர், நூல் ஆலைத் தொழிலாளியின் மகன். திகம்பருக்கு முப்பத்தொன்று, கணக்கில் ஐம்பத்தொன்பது விக்கெட். பழைய சாதனை அறுபது. அதை முறியடிக்க வேண்டுமானால் மிச்சமிருந்த இரண்டு விக்கெட்டும் அவருக்கே விழ வேண்டும்.

மண்டல அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வாளர் ஒருவர் இந்தூரிலிருந்து வந்திருந்தார். அவல் போஹா தட்டோடு திகம்பரின் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த ஆஃப் ஸ்பின்னர் பையன் பேர் என்னப்பா?"

"மேஷ்ராம்."

"நல்லா போடறானே! என் வண்டி லேட்டு. நான் வந்தப்போ அவனோட மூணாவது விக்கெட் விழுந்துட்டிருந்தது. இன்னும் நாலு ஓவர் பார்த்துட்டுத்தான் கிளம்பறதா இருக்கேன். எலுமிச்சை இருக்கா அந்தப் பக்கம்?"

திகம்பர் எலுமிச்சையை நகர்த்தி வைத்தார். ஒன்பது வருடம் மாநிலத்துக்கு ஆடியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், அவரைப் பற்றி அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திகம்பர் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். குழாயடியில் கேப்டன் சரத் பராடே முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"சரத், மேஷ்ராம் இன்னொண்ணு எடுத்துட்டா என் கதை முடிஞ்சுது."

"அதுக்கு நான் என்னடா பண்ண?"

"ஸ்டம்புக்கு வெளியில தள்ளிப் போடச் சொல்லு. எல்லா டீம்லயும் செய்யறதுதானே."

"அவனை நிறுத்திட்டு வேற யாரையாவது போடறேனே."

"வேற எவன் போட்டாலும் கடைசியா ஆட வர்ற இந்த வால் பசங்க கண்ணை மூடிட்டுச் சுத்தி அவுட்டாயிடுவாங்க. நினைச்ச இடத்துல பந்து போடறவன் இவன் ஒருத்தன்தான்."

பராடே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "தேர்வாளர் வந்திருக்காராமே? யாரைப் பார்க்க?"

"என்னைத்தான்" என்றார் திகம்பர்.

அந்த ஒரு சொல்தான். சொல்லி முடிக்க ஒரு நொடிகூட ஆகியிருக்காது.

இடைவேளைக்குப் பின் ஈஸ்வர் நான்கு ஓவர் போட்டான். அத்தனையும் மட்டைக்கு எட்டாத தூரத்தில். தகரக் கொட்டகைப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் விடவில்லை. "டேய் மேஷ்ராம், ஸ்டம்ப் இந்தப் பக்கம் இருக்குடா!" "யாராவது அவனுக்கு வழி சொல்லுங்கப்பா, இத்வாரி பஜாருக்குப் போடறான்!" ஈஸ்வர் சிரித்துக்கொண்டே கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு மறுபடி ஓடி வந்தான். தேர்வாளருக்கும் விஷயம் புரியாமல் இல்லை. ஆனால் பார்க்காத பந்தை அறிக்கையில் எப்படி எழுதுவார்? நான்காவது ஓவர் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு போனார். அடுத்து வந்த திகம்பரின் ஓவரில் ஒருவன் போல்டு, இன்னொருவன் ஷார்ட் லெக்கில் கேட்ச். அவரை முதலில் தோளில் தூக்கியது ஈஸ்வர்.

அதன் பிறகு எந்தத் தேர்வாளரும் ஈஸ்வரைப் பற்றி விசாரிக்கவில்லை. இரண்டு சீசன் கழித்து அணியிலும் இடம் போயிற்று. பண்டாரா பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டர் வேலை. பராடே போன வருடம் காலமானார். குழாயடியில் பேசியதை அறிந்தவர் இப்போது திகம்பர் ஒருவர்தான்.

நாலேகாலுக்கு ஒரு ஜீப் வந்து நின்றது. ஈஸ்வர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் இறங்கினார், கூடவே மனைவியும் டிப்போ நண்பர்கள் ஐந்து பேரும்.

"அண்ணா! என்ன இளைச்சுப் போயிட்டீங்க? அண்ணி சோறு போடறதில்லையா?"

"ஈஸ்வர், ஒரு நிமிஷம் இப்படி வாயேன்."

அதற்குள் நண்பர்கள் சூழ்ந்துகொண்டார்கள். தொப்பி போட்ட ஒரு டிரைவர் கை கூப்பினார். "சார், நீங்களே சொல்லுங்க. கோந்தியா பஸ் எப்பன்னு கேட்டாக்கூட இவன் உங்க மேட்ச் கதையைத்தான் சொல்றான். நிஜமா, இல்ல அளக்கறானா?"

"நிஜம்" என்றார் திகம்பர்.

"கேட்டியா?" ஈஸ்வர் டிரைவரின் முதுகில் ஓங்கித் தட்டினார். "அந்த அறுபத்தொண்ணுல பாதி என்னோடது. பராடே வந்து வெளியில போடுடான்னு சொன்னார், போட்டேன். அண்ணாவுக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருக்கவே மாட்டார். பையன் வாழ்க்கையைக் கெடுக்காதேன்னு சண்டை போட்டிருப்பார். இவர் குணம் எனக்குத் தெரியாதா?"

ஈஸ்வரின் மனைவி புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்து திகம்பரின் காலைத் தொட்டாள். இப்போது சொல், இப்போதே சொல் என்று உள்ளே ஒன்று பிடித்துத் தள்ளியது. அவர் கையை உயர்த்தி அவளை ஆசீர்வதித்தார். செயலாளர் ஓடி வந்து, "சீஃப் கெஸ்ட் கமிஷனர் வந்துட்டார் சார்" என்று அவரை மேடைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

மேடையில் நான்கு பேர் பேசினார்கள். நான்கு பேரும் ஈஸ்வரின் தியாகத்தைச் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் மூன்றாவது வரிசையிலிருந்து டிப்போக்காரர்கள் விசிலடித்தார்கள். சால்வைத் தட்டோடு பக்கத்தில் நின்ற ஈஸ்வர் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு மேல் திகம்பரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. தன் முறை வந்ததும் எழுதி வைத்திருந்த தாளைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை.

"வெளியில போடச் சொல்லிப் பராடேகிட்டக் கேட்டது நான்தான். தேர்வாளர் ஈஸ்வரைப் பார்க்கத்தான் காத்திருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் என்னைப் பார்க்க வந்திருக்கார்னு பராடேகிட்டப் பொய் சொன்னேன். ஈஸ்வர் எதையும் விட்டுக்கொடுக்கல. நான் அவன்கிட்டேருந்து பிடுங்கினேன்."

முதல் வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அது பரவியது. கமிஷனரே எழுந்து நின்று தட்டினார். செயலாளர் மைக்கைப் பிடுங்கி, "எப்பேர்ப்பட்ட மனசு பாருங்க! இந்த மேடையில இப்படிச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?" என்று கத்தினார். கைதட்டல் இன்னும் ஏறியது.

மூன்றாவது வரிசை மட்டும் தட்டவில்லை. டிரைவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். ஈஸ்வரின் மனைவி மேடையைப் பார்க்கவில்லை. தன் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஈஸ்வர் சால்வையைப் பிரித்தார். மடிப்பு கலையாமல் திகம்பரின் இரண்டு தோளிலும் சரியாகப் போர்த்தினார். தேங்காயைக் கையில் வைத்தார். அந்த இரைச்சலில் திகம்பருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"தனியா என்கிட்டச் சொல்லியிருக்கலாமே அண்ணா. நாளைக்கு நான் கவுண்டர்ல உட்காரணும்."

"ஈஸ்வர்..."

"கைதட்டறாங்க பாருங்க. கும்பிடுங்க."

திகம்பர் தேங்காயோடு கை கூப்பினார். கைதட்டல் நிற்பதாகத் தெரியவில்லை. ஈஸ்வர் காலித் தட்டை எடுத்துக்கொண்டு பக்கவாட்டுப் படியில் இறங்கினார். மூன்றாவது வரிசையில் அவருக்காகப் பிடித்து வைத்திருந்த நாற்காலியைத் தாண்டி, ஜீப் நின்றிருந்த பக்கமாக நடந்தார்.